வியாழக்கிழமை சூப்பும் மூன்று முகங்களும்

கொய்வுலம்பி
ஜனவரி 25

ரைலி அக்காவுக்கு,

ஒன்பது நாளாக உன் போன் அணைந்து கிடக்கிறது. கடைசியில் நீ இப்போது சமைக்கும் மலை விடுதிக்கே போன் போட்டேன். எடுத்த பெண், "அவங்க பேச மாட்டாங்களாம். வேணும்னா லெட்டர் போடச் சொன்னாங்க" என்றாள். சொந்தத் தங்கைக்கு இப்படியொரு பதில். சரி, எழுதுகிறேன். நடந்ததை என் பக்கத்திலிருந்தும் நீ ஒருமுறை கேட்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் சதவீதப் பாடம் ஆரம்பித்திருந்தேன். புத்தகத்தில் இருக்கும் ஆப்பிள்களையும் ரயில்களையும் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். "எதைக் கணக்குப் போடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். கையைத் தூக்கச் சொன்னால் பதினேழு பேரும் கூரையைப் பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். அதனால் டேப்லெட்டில் பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். பதினொரு பேர் எழுதியது ஒரே வார்த்தை: சாப்பாடு.

கருவியை அவர்களே செய்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு வைக்கும் இடத்தில் ஒரு டேப்லெட், அதில் மூன்று முகங்கள். பச்சை சிரிக்கும், மஞ்சள் சும்மா இருக்கும், சிவப்பு முறைக்கும். சாப்பிட்டு முடித்தவர்கள் ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். ஒரு வாரம் முழுக்க ஓடியது. அதில் எந்த நாளை வரைபடமாகப் போடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். வியாழக்கிழமை. நீ நம் பள்ளியில் சமைக்கும் பட்டாணி சூப். தொண்ணூற்றாறு பேரில் பச்சை ஒன்பது, மஞ்சள் ஐம்பத்தாறு, சிவப்பு முப்பத்தொன்று. நூட்டி அதற்குத் தலைப்பு வைத்தான்: "பட்டாணி சூப் பிடித்தவர்கள் பத்துப் பேருக்கு ஒருவர்கூட இல்லை!" நீ பரிமாறும் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒட்டினார்கள். எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள் என்று சொன்னவள் நான்தான்.

உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அக்காதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். அதற்காக மன்னித்துக்கொள். ஆனால் பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முதல் முறையாக யாரோ அவர்களை ஒன்று கேட்டார்கள், அவர்கள் பதில் சொன்னார்கள்.

நீ அதைப் படித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் பசை விட்டுக் காகிதம் தொங்கியது. அதை நீ கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு உள்ளே போனாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று மணிக்கு, "பாத்திரமெல்லாம் கழுவி வெச்சாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். திங்கட்கிழமை தலைமையாசிரியர் ஸெப்போவின் மேஜையில் உன் விடுப்புக் கடிதம் இருந்தது.

இப்போது நகரத்து மையச் சமையலறையிலிருந்து வண்டியில் பெரிய பெரிய டப்பாக்களில் சாப்பாடு வருகிறது. பிப்ரவரி 27-க்குள் நீ திரும்பி வருவதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால், இந்த ஏற்பாட்டையே நிரந்தரமாக்கிவிடுவார்களாம். நம் பள்ளிச் சமையலறையை மூடிவிடுவார்கள் அக்கா.

மெர்வி


மலை விடுதி
பிப்ரவரி 1

மெர்வி,

கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அடுத்த வரியிலேயே "ஆனால்" போட்டிருக்கிறாய். சின்ன வயதில் என் சறுக்குப் பலகையை உடைத்துவிட்டு இப்படித்தான் மன்னிப்புக் கேட்டாய்.

இருபத்திரண்டு வருஷம் அந்த ஜன்னலில் நின்றேன். நம் ஊரில் சாப்பாட்டைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. தின்றுவிட்டுத் தட்டை வைக்கும்போது "நன்றி" என்பார்கள். அதைத்தான் நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். குறை சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எனக்குக் கிடைத்த வார்த்தை சுவரில் ஒட்டிய வரைபடம். அதுவும் ஆச்சரியக்குறியோடு.

வியாழக்கிழமை பட்டாணி சூப் போடுவது என் கண்டுபிடிப்பு அல்ல. நாடே அன்றைக்கு அதைத்தான் தின்கிறது. ராணுவத்திலும் அதுதான். அந்தச் சிவப்பு முகத்தைக் கொண்டுபோய் ஒரு படைத்தலைவர் முன்னால் வைக்கச் சொல் உன் பிள்ளைகளிடம்.

இன்னொன்று. என் வாளி உன் டேப்லெட்டோடு ஒத்துப்போகவில்லை. மிச்சம் விழும் வாளியை ஒவ்வொரு பந்திக்கும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வைப்பேன். பதினொரு வருஷக் கணக்கு. அடுப்புக்கு இடதுபக்க இழுப்பறையில் நீல நோட்டு. வியாழக்கிழமை முதல் பந்தியில் வாளியின் அடியே மறையாது. பிடிக்காத சூப்பை யாராவது வழித்துத் தின்பார்களா? ஆசிரியை நீ, நீயே சொல்.

இங்கே விருந்தாளிகள் இணையத்தில் நட்சத்திரம் போடுகிறார்கள். விடுதிக்காரர் தினமும் காலையில் காபியோடு வாசித்துக் காட்டுகிறார். நேற்று ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார். என்ன காரணம் தெரியுமா? "மேகமாக இருந்தது, மலை தெரியவில்லை." என் கலைமான் குழம்பைத் தின்று இரண்டாம் முறையும் வாங்கிய ஆள் அவர்.

கையெழுத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

ரைலி


கொய்வுலம்பி
பிப்ரவரி 8

அக்கா,

நீ எழுதியதில் வாளியையும் மேகத்தையும் பற்றிய பகுதியை மட்டும் வகுப்பில் வாசித்தேன். சறுக்குப் பலகையை விட்டுவிட்டேன்.

வாசித்து முடித்ததும் கைஸ்லா, ஜன்னலோரம் உட்காருவாளே, இரட்டைப் பின்னல், அவள் கேட்டாள்: "அந்த நீல நோட்ட எடுக்கலாமா?" நான் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த மூன்று நாள் அந்த வகுப்பில் ஆசிரியை நான்தானா என்று எனக்கே சந்தேகம். யார் எதைச் செய்வது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். நாலு பேர் நோட்டிலிருந்த எடைகளை டேப்லெட்டில் ஏற்றினார்கள். கைஸ்லா, ஒவ்வொரு முகமும் எத்தனை மணிக்கு அமுக்கப்பட்டது என்று தோண்டி எடுத்தாள். அது உள்ளே பதிவாகிறது என்பதே எனக்குத் தெரியாது. பிறகு எல்லாவற்றையும் ஒரே திரையில் போட்டாள்.

சிவப்பு முப்பத்தொன்றும் மூன்றாம் பந்தி, அக்கா. முதல் இரண்டு பந்தியில் அறுபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். அதில் ஒரு சிவப்புகூட இல்லை. மூன்றாம் பந்தி யார்? ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும். "சிவப்பு நாங்கதான்!" என்று நூட்டி கத்தினான். அவன் முகமும் அதே நிறத்தில்தான் இருந்தது.

நான் உடனே, "அப்போ உங்க ரெண்டு வகுப்புக்கு மட்டும் சூப் பிடிக்கலையா?" என்றேன். கைஸ்லா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "திங்கக்கிழமையப் பாருங்க" என்றாள். திங்கள் மக்ரோனி. அடுப்பில் சுட்டெடுத்த மக்ரோனிக்குச் சிவப்பு போடுகிற குழந்தை இந்த நாட்டில் பிறந்ததில்லை. மூன்றாம் பந்தியில் இருபத்தெட்டு சிவப்பு! செவ்வாய் மீன், அதே கதை. எது போட்டாலும் அதே கதை. அதையெல்லாம் விட்டுவிட்டு வியாழனை மட்டும் பிய்த்து எடுத்து ஒட்டியிருக்கிறோம்.

ஏன் என்று கண்டுபிடிக்கக் கடிகாரத்தோடு ஒருத்தி வரிசையில் நின்றாள். அந்த இரண்டு வகுப்பும் உடற்பயிற்சி முடித்து, உடை மாற்றி, கை கழுவி, வரிசையில் நின்று தட்டை வாங்கி உட்காரும்போது மணி அடிக்க ஒன்பது நிமிஷம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை அந்த ஒன்பது நிமிஷத்தில் சூப்போடு தரும் பான்கேக்கை விழுங்குவார்கள், சூப்பை வாளியில் கொட்டுவார்கள், ஓடுகிற ஓட்டத்தில் சிவப்பை ஒரு குத்து குத்துவார்கள். உன் விருந்தாளிக்கு மேகம் மாதிரிதான். அவர்கள் கோபம் மணியின் மேல், சூப்பின் மேல் அல்ல.

மஞ்சளைப் பற்றியும் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று டேப்லெட்டில் பதிவு செய்து கொடுத்திருக்கிறது: "ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் நடுவுல இருக்கறத அமுக்கினேன்." "அப்போ பச்சை எதுக்கு?" "பச்சை அமுக்கினா பெருமையடிக்கிற மாதிரி இருக்கும்ல?"

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்பதையே மறந்துவிட்டுக் கருவி செய்திருக்கிறோம். நானும் மறந்தேன், வரைபடத்தைப் பார்த்த நீயும் மறந்தாய்.

இனி ஒரு கெட்ட செய்தி. ஸெப்போ டேப்லெட்டை எடுக்கச் சொல்லிவிட்டார். "ஒரு ஆளையே ஊரை விட்டு ஓட்டியாச்சு, போதும் மெர்வி. குழந்தைங்ககிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்க முடியாது" என்றார். நகராட்சிக் கல்விக் குழு 24-ம் தேதி கூடுகிறது. பிள்ளைகள் அங்கே போய்ப் பேச அனுமதி கேட்டிருக்கிறார்கள். கேட்டது அவர்கள்தான், நான் அல்ல.

மெர்வி


மலை விடுதி
பிப்ரவரி 14

மெர்வி,

மூன்று தடவை படித்தேன். அந்தக் கைஸ்லா கெட்டிக்காரி. அவள்தானே எப்போதும் கடைசியாக வந்து, பான்கேக் மிச்சம் இருக்கிறதா என்று கேட்காமல் வெறுமனே தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள்? அவளுக்காக ஒன்று எடுத்து மூடி வைப்பேன். அதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஒன்பது நிமிஷம் என்பது எனக்குத் தெரியும். நாலு வருஷமாகத் தெரியும். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரி எதற்கு நேர அட்டவணையைப் பற்றிப் பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். உன் பிள்ளைகள் மூன்று வாரத்தில் சொல்லிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன், நீ யாரிடமும் சொல்லாதே. எனக்குப் பயம். திரும்பி வந்தால் தினமும் அந்த ஜன்னலில் நின்று ஒவ்வொரு விரலும் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கரண்டியைப் பார்க்க மாட்டேன், விரலைத்தான் பார்ப்பேன். ஐம்பத்தெட்டு வயதில் அது என்னால் முடியுமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று பதினேழு பிள்ளைகளைக் கேட்டாய். இருபதடி தள்ளி நின்றவளைக் கேட்கவில்லை.

ரைலி


கொய்வுலம்பி
பிப்ரவரி 17

அக்கா,

இந்தத் தடவை "ஆனால்" கிடையாது. தப்பு என்னுடையது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்: உனக்கு என்ன வேண்டும்?

உறைக்குள் ஒரு சின்னப் பென்டிரைவ் குச்சி இருக்கிறது, விடுதியின் கணினியில் செருகிக் கேள். "ரைலிக்கு என்ன சொல்லணுமோ, எப்படிச் சொல்லணுமோ, உங்க இஷ்டம்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வேறெதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டுத் திருத்தவும் இல்லை. சிலர் பேசியிருக்கிறார்கள், ஒருத்தி படம் வரைந்து அசைய வைத்திருக்கிறாள். நூட்டி என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது. சட்டையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

மெர்வி


கொய்வுலம்பி
பிப்ரவரி 25

அக்கா!

நேற்றுக் கூட்டம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டார்கள்!

நகரத்துக்குப் பேருந்தில் பதினேழு பேரும் ஒரு சத்தம் இல்லாமல் வந்தார்கள். குழுவில் ஒன்பது பெரியவர்கள் காபியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவி, "டீச்சர் ஆரம்பிக்கலாமே" என்றார். நான் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தது கைஸ்லா.

"நாங்க முதல்ல ஒரு தப்பு பண்ணோம்" என்றுதான் ஆரம்பித்தாள். சுவரில் ஒட்டியிருந்த பழைய வரைபடத்தைத் திரையில் காட்டினாள். "இதுல இருக்கற எண்ணெல்லாம் சரி. ஆனா நாங்க சொன்னது பொய்." அப்புறம் கடிகாரத்தை ஓடவிட்டாள். பத்து நாற்பதிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் விழுகிறது, மஞ்சள், மஞ்சள், பச்சை, மஞ்சள். பதினொன்று முப்பத்தொன்று ஆனதும் சிவப்பு கொட்டத் தொடங்கியது. ஐந்து நாளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். ஐந்து நாளும் அதே நேரத்தில் சிவப்பு.

குழுவில் ஒருவர், "அஞ்சு நாள் கணக்க வெச்சு எப்படி நம்பறது?" என்றார். நூட்டி நீல நோட்டைத் தூக்கிக் காட்டினான். "இது பதினொரு வருஷம்" என்றான். "ரைலி எழுதினது. நாலு வருஷம் முன்னாடி நேர அட்டவணைய மாத்துனீங்க. அன்னைலேர்ந்து மூணாவது பந்தி வாளி ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. நாங்க சொல்றத நம்பலைன்னா வாளிய நம்புங்க." ஒன்பது பேரும் சிரித்துவிட்டார்கள் அக்கா, கேள்வி கேட்டவர் உட்பட. நோட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் புரட்டினார்கள். "இத ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லல?" என்று தலைவி கேட்டார். "யாரும் கேக்கல" என்றாள் கைஸ்லா.

ஸெப்போ பின்வரிசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே எழுந்து, "உடற்பயிற்சி வகுப்பை மதியத்துக்கு மாத்திடறேன். மணியையும் தள்ளி வைக்கறேன்" என்றார். ஒவ்வொரு பந்திக்கும் இருபத்தைந்து நிமிஷம். அங்கேயே எழுதிக்கொண்டார்கள். டேப்லெட்டும் திரும்ப வருகிறது. இனி எந்தக் கணக்கை ஒட்டுவதாக இருந்தாலும் அதில் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் காட்ட வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு விதி போட்டிருக்கிறார்கள்.

ஆனால் சமையலறை விஷயத்தில் தலைவி கையை விரித்துவிட்டார். சமையல்காரரின் கையெழுத்து வந்தால்தான் திறந்திருக்கும், 27-ம் தேதிக்கு மேல் ஒரு நாளும் தர முடியாதாம். இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது தேதி தாண்டியிருக்கும். அதனால் கெஞ்சிப் பயனில்லை. நீ எதை முடிவு செய்திருந்தாலும் அது உன் முடிவு. பிள்ளைகளுக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டு உனக்கு மறுக்க மாட்டேன். எனக்கு அழுகை வருகிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மெர்வி

உறையை ஒட்டப் போகும்போது ஸெப்போ ஓடி வந்தார். அறுபது வயது மனிதர், வழுக்கும் முற்றத்தில், கோட்டுகூட இல்லாமல்! கையில் உன் காகிதம். 21-ம் தேதியே கையெழுத்துப் போட்டிருக்கிறாய்! கூட்டம் நடப்பதற்கு மூன்று நாள் முன்னாலேயே! கீழே ஏதோ நிபந்தனை எழுதியிருக்கிறாயாம். அதை எனக்குக் காட்ட மாட்டேன் என்கிறார். சிரித்துக்கொண்டே வேறு சொல்கிறார். என்ன கேட்டாய் அக்கா?


கொய்வுலம்பி, பள்ளிச் சமையலறை
மார்ச் 12, வியாழன்

மெர்வி,

நீ இருபதடி தள்ளி உன் வகுப்பில்தான் இருக்கிறாய். நேரில் சொன்னால் நீ அழுவாய், நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அதனால் இதையும் எழுதியே அனுப்புகிறேன்.

அந்தக் குச்சியை விடுதிச் சமையலறையில் எல்லார் முன்னாலும் போட்டுக் கேட்டேன். பேசியவர்கள் எல்லாரும் நன்றாகப் பேசினார்கள். நூட்டியின் முறை வந்தது. ஒரு வார்த்தை இல்லை. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று விடுதிக்காரர் எழுந்தார். "இருங்க" என்றேன். எனக்குத் தெரிந்த சத்தம் அது. தட்டைக் கரண்டியால் வழிக்கிற சத்தம். சுற்றிச் சுற்றி, அடிவரைக்கும், கடைசித் துளி வரைக்கும் வழிக்கிறான். ஒன்றரை நிமிஷம். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். கையெழுத்தை அன்றைக்கே போட்டேன். எந்தக் குழுவும் என்னைத் திருப்பி வரவழைக்கவில்லை, இதை அவனிடம் சொல்லிவிடு.

என்ன வேண்டும் என்று கேட்டாயே, அதைத்தான் நிபந்தனையாக எழுதினேன்: "எனக்கும் ஒரு டேப்லெட். அதே மூன்று முகங்கள். பிள்ளைகளுக்கு நான் போடுவேன்." விரலைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பதிலாக எனக்கும் ஒரு விரல் இருக்கட்டும் என்று தோன்றியது.

இன்றைக்கு மூன்றாம் பந்தி இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்து தின்றது. பான்கேக் எல்லாருக்கும் இருந்தது. வாளியை எடை போட்டேன், நோட்டில் இத்தனை சின்ன எண்ணை மூன்றாம் பந்திக்கு நான் எழுதியதே இல்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்தேன். அங்கிருந்த முப்பத்துநாலு பேரும் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். உன் கைஸ்லா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படட்டும் என்று ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். நானும் மனுஷிதானே.

பிறகு மஞ்சளை அமுக்கினேன்.

கூடமே எழுந்து நின்று கத்தியது. உன் வகுப்பு வரைக்கும் கேட்டிருக்குமே, என்ன சத்தம் என்று நீ எட்டிப் பார்த்திருப்பாய். அதுதான் சத்தம்.

தட்டை எடுத்துக்கொண்டு வந்து சாப்பிடு. சூப் ஆறுகிறது.

ரைலி